வெற்றுக்கால் சேவல் சண்டை: கத்தியும் பந்தயமும் இல்லையென்றால் தவறில்லையா?

மொட்டைமாடிச் சேவல் (வியாசர்பாடி) கேட்டது:

எங்கள் தாத்தா அரவக்குறிச்சிப் பக்கத்திலிருந்து சென்னைத் துறைமுக வேலைக்கு வந்தவர். அவர் காலந்தொட்டு எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அசில் என்னும் சண்டையினச் சேவல்கள் வளர்கின்றன. இப்போது மூன்று இருக்கின்றன. தாத்தாவுக்குப் பிறகு எந்தச் சேவலையும் நாங்கள் களத்தில் இறக்கியதில்லை. ஆனால், வரும் பொங்கலுக்குச் செங்குன்றத்தை அடுத்த ஒரு தோப்பில் நடக்கவிருக்கும் வெற்றுக்கால் சண்டைக்கு எங்கள் 'காகம்' என்ற சேவலைக் கொண்டுவர வேண்டும் என்று என் தாய்மாமா வற்புறுத்துகிறார்.

சேவலின் காலில் கத்தி கட்டப் போவதில்லை, பணம் வைக்கப் போவதில்லை, சல்லிக்கட்டையே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆகவே தவறேதும் இல்லை என்பது அவருடைய வாதம். "ஞாயிறுதோறும் பிராய்லர் கோழி தின்கிற நீ இதற்கு மட்டும் ஏன் தயங்குகிறாய்?" என்றும் கேட்டார். அதற்குத்தான் எனக்குப் பதில் வரவில்லை. சட்டம் என்ன சொல்கிறது, சேவல் உண்மையில் என்ன படுகிறது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வழக்காடி (உயர் நீதிமன்ற வளாகம்) எழுதியது:

உங்கள் மாமா சல்லிக்கட்டுத் தீர்ப்பைச் சேவலுக்குப் பொருத்துவது சரியன்று. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 சனவரியில் மெரினாவில் திரண்ட கூட்டத்துக்குப் பிறகு தமிழ்நாடு அரசு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியது. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அத்திருத்தம் காளைகளைக் கொண்டு நடத்தும் சல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா ஆகியவற்றுக்கு மட்டுமே விலக்களிக்கிறது. சேவலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது.

ஆகவே சேவலைப் பொறுத்தவரை 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அப்படியே நிற்கிறது. ஒரு விலங்கையோ பறவையையோ இன்னொன்றோடு சண்டையிடத் தூண்டுவதும், அதற்கென இடம் கொடுப்பதும் குற்றம் என்கிறது அப்பிரிவு. கத்தி கட்டினார்களா, பணம் கட்டினார்களா என்று அது கேட்பதில்லை. சூதாட்டம் தனிக் குற்றம். மாநகருக்குள் 1888ஆம் ஆண்டுக் காவல் சட்டமும், மாவட்டங்களில் 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமும் அதைக் கவனித்துக்கொள்கின்றன. பொங்கலையொட்டிச் சில ஊர்கள் உயர் நீதிமன்றத்தை அணுகி, கத்தியும் பந்தயமும் கூடாது என்ற நிபந்தனைகளோடு அனுமதி பெற்றிருப்பது உண்மைதான். ஆனால் அது மனு போட்ட ஊருக்கும் குறித்த நாளுக்கும் உரியது. உங்கள் மாமாவின் தோப்புக்குத் தானாக வந்து சேராது.

தண்டனையைக் கேட்டால் சிரிப்பீர்கள். முதல் குற்றத்துக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம்; மூன்றாண்டுக்குள் மறுபடி பிடிபட்டால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாநிலங்களவையில் இப்படியொரு சட்டம் வேண்டுமென்று முதலில் குரல் கொடுத்தவர் நம் ஊர் நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல். 1960இல் 50 ரூபாய் பெரிய தொகை. இன்று அது வண்டி நிறுத்தக் கட்டணம்.

வேளச்சேரி வாசகர் எழுதியது:

வழக்கறிஞர் ஐயாவிடம் ஒரு கேள்வி. 1974இல் இங்கே குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்து, 1996இல் அது திறமை சார்ந்த ஆட்டம், சூதாட்டம் அன்று என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சவுக்கடி பட்டு ஓடும் குதிரையின் மேல் கிண்டிப் பந்தயத் திடலில் பணம் கட்டியவர் கனவான். தோப்பில் சேவலின் மேல் நூறு ரூபாய் கட்டியவர் குற்றவாளி. சேவலைத் தேர்ந்தெடுத்து, பழக்கி, தீனி பார்த்து வைப்பதில் திறமை இல்லையா? விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்கு நடுகல் நட்டு வட்டெழுத்தில் எழுதி வைத்த மரபு நம்முடையது.

வழக்காடி:

வர்க்கப் பாகுபாடு இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தத் தீர்ப்பு பந்தயப் பணத்தைப் பற்றியது. சண்டைக்குத் தூண்டுவது பற்றிய பிரிவுக்கு அதில் விடை இல்லை. கிண்டியில் அநியாயம் நடந்திருந்தால் அதைக் கேட்பதுதான் முறை.

பழைய களத்தான் (தண்டையார்பேட்டை) எழுதியது:

தம்பி, நான் இருபது ஆண்டுகள் களத்தில் சேவல் பிடித்தவன். விட்டுப் பல காலம் ஆகிறது. சட்டத்தை ஐயா சொல்லிவிட்டார். களத்தை நான் சொல்கிறேன்.

கத்தி இல்லையென்றால் கொடுமை குறைவு என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். கத்திக்கால் சண்டை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அது சீக்கிரம் முடிய வேண்டும் என்பதுதான் கத்தியின் வேலையே. ஒரு சோடி முடிந்தால்தானே அடுத்த சோடிக்குப் பணம் கட்ட முடியும்? தோற்ற சேவல் 'கோச்சை' என்ற பெயரில் வென்றவன் வீட்டுக் குழம்புக்குப் போய்விடும். வெற்றுக்காலில் சேவலின் சொந்தக் கால்முள்ளும் அலகும்தான் ஆயுதம். இடையிடையே தண்ணீர் காட்ட எடுத்து எடுத்து, மறுபடி சண்டைக்கு விடுவார்கள். இடைவேளையில் வெந்நீர் ஒத்தடம் கொடுப்போம், தொண்டையில் கட்டிய இரத்தத்தை இறகு விட்டு எடுப்போம், கிழிந்த இமையை ஊசி நூலால் தைத்து மறுபடி இறக்குவோம். நானே தைத்திருக்கிறேன். அப்போது அதைப் பாசம் என்றுதான் நினைத்தேன். பாசம் பொய்யும் அன்று; பாதாமும் முட்டையும் என் பிள்ளைகளுக்கு முன்னே சேவலுக்குத்தான் போயின.

பந்தயம் இல்லாத சண்டையை நான் இரண்டோ மூன்றோதான் பார்த்திருக்கிறேன். அவற்றில் சேவல் தளர்ந்தவுடன் வளர்த்தவன் தூக்கிக்கொண்டு போய்விடுவான். பணம் கட்டியிருந்தால் தூக்க முடியாது. தூக்கினால் தோல்வி, சுற்றி நிற்பவர்கள் விடமாட்டார்கள். உங்கள் மாமா பணம் வைக்காமல் இருக்கலாம். வேலிக்கு வெளியே நிற்பவன் கையில் இருப்பதை அவர் எப்படித் தடுப்பார்?

குறுந்தொகையில் குப்பைக்கோழியார் பாடிய பாட்டொன்று உண்டு. குப்பைமேட்டில் இரண்டு கோழிகள் தாமே சண்டையிடுகின்றன; ஏவி விடுபவரும் இல்லை, பிரித்து விடுபவரும் இல்லை. அதைப் போல என் நோயும் தானாக முடிந்தால்தான் உண்டு என்கிறாள் தலைவி. அந்தக் குப்பைமேட்டிலாவது தோற்றது ஓடிப் போகலாம். களத்தில் ஓடினால் பிடித்து வந்து மறுபடி எதிரே நிறுத்துவது நாங்கள்.

கால்நடை மருந்தகத்தார் (மாதவரம்) எழுதியது:

பிராய்லர் கேள்வி நியாயமானது. ஐந்தாறு வாரத்தில் கறிக்காகவே வளர்த்து, நெருக்கமான கொட்டகையில் வைத்து, சைக்கிளில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுபோவதை நாம் தினமும் பார்க்கிறோம். அதை எதிர்த்து ஒரு சொல் சொல்லாமல் சேவல் சண்டையை மட்டும் கண்டிப்பவரின் பேச்சில் பாதி பலம் போய்விடுகிறது. ஆனால் இதிலிருந்து உங்கள் மாமா எடுக்கும் முடிவு பிழையானது. ஒரு கொடுமைக்கு நாம் பழகிவிட்டோம் என்பது இன்னொன்றைத் தொடங்க உரிமை ஆகாது. தட்டில் இருக்கும் கோழியைக் குறித்து உங்களுக்கு உறுத்தினால் தட்டைத்தான் மாற்ற வேண்டும்.

வேறொன்றையும் கவனியுங்கள். பல ஊர்ச் சேவல்கள் ஒரே இடத்தில் கூடி, இரத்தமும் எச்சிலும் ஒன்றன்மேல் ஒன்று பட்டு, மாலையில் அவரவர் வீட்டுக்குத் திரும்பும் ஏற்பாடு இராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு நல்ல வாகனம். உங்கள் காகம் வென்று வந்தாலும், மாடியில் இருக்கும் மற்ற இரண்டும் பத்து நாளில் கழுத்து திருகிக் கிடக்கலாம். களத்துக்குப் போனாலும் போகாவிட்டாலும் இராணிக்கெட் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

மொட்டைமாடிச் சேவல்:

அனைவருக்கும் நன்றி. இமை தைத்ததைப் படித்தபோது தாத்தாவின் தகரப் பெட்டியில் இருக்கும் வளைந்த ஊசி நினைவுக்கு வந்தது. அது எதற்கு என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்தேன்.

நேற்று மாமாவிடம் வர இயலாது என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன், கோபிக்கவில்லை. "சரி, காகத்தின் வாரிசில் இரண்டு குஞ்சாவது கொடு" என்றார். கொடுத்தால் அடுத்த பொங்கலுக்கு இல்லாவிட்டாலும் அதற்கடுத்த பொங்கலுக்கு அவை எங்கே நிற்கும் என்பது எனக்குத் தெரியும். தாய்மாமாவிடம் குஞ்சு இல்லை என்று எப்படிச் சொல்வது என்பதை யாராவது சொல்லுங்கள்.

பழைய களத்தான்:

முட்டைகளை அடைக்கு வைக்காதே, தம்பி. குஞ்சே பொரியவில்லை என்றால் பொய் சொல்ல வேண்டியதில்லை.