பம்ப் டெஸ்டில் ஹெட் 6 மீட்டர் குறைகிறது, தப்பு பம்பிலா என் செட்டப்பிலா?

ஈரக்கை:
பேரிங்கும் சீலும் மாற்றிய ஒரு மோனோபிளாக் பம்பைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் டெஸ்ட் செய்து பார்க்கலாம் என்று சின்னதாக ஒரு செட்டப் போட்டேன். 500 லிட்டர் தொட்டி, நீர்மட்டம் பம்புக்கு 2 மீட்டர் கீழே. சக்‌ஷன் 65 மி.மீ., டெலிவரி 50 மி.மீ. டெலிவரியில் எல்போ தாண்டி ஒரு 0–16 பார் கேஜ், அப்புறம் கேட் வால்வு, அங்கிருந்து ஹோஸ் திரும்பத் தொட்டிக்கே போகிறது. ஓட்டத்தை அளக்க 200 லிட்டர் டிரம்மும் ஸ்டாப்வாட்சும்தான்.

டிரம் 40 வினாடியில் நிறைகிறது, அதாவது விநாடிக்கு 5 லிட்டர். அந்த ஓட்டத்துக்கு கேட்லாக் கர்வ் (ஓட்டத்துக்கு ஏற்ப ஹெட் மாறும் வரைகோடு; ஹெட் என்றால் பம்ப் தண்ணீருக்குக் கொடுக்கும் அழுத்தம், நீர் உயரத்தின் மீட்டரில்) 26 மீட்டர் சொல்கிறது, என் கேஜ் 2 பார்தான் காட்டுகிறது. 20 மீட்டர் சொச்சம். இன்னொரு தொல்லை, வால்வைத் தொட்டாலே முள் ஆடுகிறது, ஒரே பிரஷரில் நிறுத்தவே முடியவில்லை. பம்ப் போச்சா?

கறார்பேர்வழி:
இம்பெல்லர் (உள்ளே சுழலும் சக்கரம்) தேய்ந்திருக்கும். கழற்றும்போது இம்பெல்லரைச் சுற்றி இருக்கும் வேரிங் ரிங் என்ற தேய்மான வளையத்தின் இடைவெளியைப் பார்த்தீர்களா இல்லையா? பார்க்காமல் மூடிவிட்டு இப்போது கேஜைக் குறை சொல்லி என்ன பயன்.

பழைய ஃபிட்டர்:
அவசரப்பட்டுத் திரும்பக் கழற்றாதீர்கள். நீங்கள் பார்த்தது டெலிவரி பிரஷர், அது பம்பின் ஹெட் இல்லை. பம்ப் தண்ணீரை வெளியே தள்ளுவதற்கு முன்னால் 2 மீட்டர் கீழிருந்து உறிஞ்சவும் செய்கிறதே, அந்த வேலையை யார் கணக்கில் சேர்ப்பது? சக்‌ஷன் பக்கம் ஒரு வேக்கம் கேஜ் போடுங்கள். 2 மீட்டர் உயரத்தோடு ஃபுட் வால்விலும் (உறிஞ்சும் பைப்பின் அடிமுனையில் இருப்பது) பைப்பிலும் போகும் உராய்வும் சேர்ந்து அதில் தெரியும். வேக்கம் என்பதால் அதைக் கூட்ட வேண்டும், கழிக்கக் கூடாது (நான் கற்றுக்கொண்ட நாளில் கழித்துவிட்டு நல்ல பம்ப் ஒன்றைக் குப்பை என்று எழுதி வைத்தவன், அதனால் சொல்கிறேன்). 760 மி.மீ. பாதரசம் 10.33 மீட்டர் தண்ணீர், 1 பார் 10.2 மீட்டர் தண்ணீர், இந்த இரண்டும் நினைவில் இருந்தால் போதும்.

அப்புறம் இரண்டு கேஜுக்கும் உள்ள உயர வித்தியாசம், அதையும் கூட்டுங்கள். டெலிவரி பைப் சிறியது என்பதால் அதில் தண்ணீர் வேகமாகப் போகிறது, உங்கள் 5 லிட்டருக்கு 50 மி.மீ. பைப்பில் 2.5 மீ/வி, 65-இல் 1.5 மீ/வி. அந்த வேக வித்தியாசத்துக்கு ஒரு 0.2 மீட்டர். சின்னதுதான், ஆனாலும் விட்டுவிடாதீர்கள்.

கேஜைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 16 பார் கேஜில் 2 பார் பார்ப்பது லாரி எடைமேடையில் அரிசி நிறுப்பது மாதிரி. கேஜ் முகத்தில் 1.6 என்று போட்டிருந்தால் அது முழு அளவில் 1.6 சதவீதம், அதாவது 0.26 பார், எங்கே படித்தாலும் அவ்வளவு பிசகலாம். 2.6 மீட்டர்! 0–4 பார் கேஜ் வாங்குங்கள், அதில் 1.0 வகை கிடைத்தால் பிசகு 0.4 மீட்டருக்குள் நிற்கும். எல்போவுக்கு அப்புறம் வைக்காமல் பம்ப் ஃபிளேஞ்சிலிருந்து பைப் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில், உங்களுக்கு 100 மி.மீ., நேர் பைப்பில் துளை போடுங்கள். பம்ப் டெஸ்டுக்கான தரநிலை ஐஎஸ்ஓ 9906 சொல்வதும் அதுதான்.

வளைகோடு:
முள் ஆடுவதற்கு என் பங்குக்கு. கேட் வால்வு முழுக்கத் திறக்க, முழுக்க மூடத்தான் நல்லது. பாதியில் வைத்தால் கேட் அதிர்கிறது, அதோடு கடைசி ஒன்றிரண்டு சுற்றில்தான் ஓட்டம் குறையவே ஆரம்பிக்கும். குளோப் வால்வு போடுங்கள். நான் பெரிய வால்வுக்குப் பக்கத்திலேயே ஒரு அரை இஞ்ச் வால்வை பைபாஸாக வைத்திருக்கிறேன், பெரியதில் தோராயமாக நிறுத்திவிட்டு சின்னதில் நுணுக்கமாகத் திருகினால் பிரஷர் சொன்ன இடத்தில் நிற்கும். என்ன அவசரமானாலும் சக்‌ஷன் வால்வை மட்டும் வைத்து ஓட்டத்தைக் குறைக்காதீர்கள், கேவிடேஷன் (அழுத்தம் குறைந்து தண்ணீரில் ஆவிக் குமிழிகள் உருவாகி உடைவது) வந்துவிடும், பிறகு நீங்கள் அளப்பது வேறு ஏதோ.

ஹோஸ் தொட்டியில் எங்கே விழுகிறது? மேலிருந்து கொட்டினால் காற்றுக் குமிழி அப்படியே சக்‌ஷனுக்குப் போய் முள் ஆடும். ஹோஸ் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே, ஃபுட் வால்விலிருந்து தள்ளி இருக்கட்டும், நடுவில் ஒரு தடுப்புத் தகடும் வையுங்கள். டிரம்முக்கு ஹோஸைத் தூக்கிப் பிடிக்கும்போது ஓட்டம் கொஞ்சம் மாறும், அதனால் டிரம் நிறையும் அந்த 40 வினாடிக்குள்ளேயே கேஜையும் படியுங்கள், முன்னாலோ பின்னாலோ அல்ல.

ஈரக்கை:
எல்லாம் மாற்றிவிட்டேன். குளோப் வால்வும் தடுப்புத் தகடும் வந்ததும் முள் அடங்கிவிட்டது. 5 லிட்டரில் டெலிவரி 2.05 பார், அதாவது 20.9. சக்‌ஷன் 220 மி.மீ. பாதரசம், அதாவது 3.0. உயரம் 0.5, வேகம் 0.2. மொத்தம் 24.6 மீட்டர். நன்றி, ஆனால் 26-க்கு இன்னும் 5 சதவீதத்துக்கு மேல் குறைகிறதே. வாட்மீட்டர் 2.2 கிலோவாட் காட்டுகிறது.

கறார்பேர்வழி:
சொன்னேனே, ரிங்.

பழைய ஃபிட்டர்:
ஆர்பிஎம் பார்த்தீர்களா? கேட்லாக் எந்த வேகத்துக்குப் போட்டது?

ஈரக்கை:
கேட்லாக் 2880. டேக்கோமீட்டர் வைத்தேன், 2820. வோல்டேஜ் கொஞ்சம் குறைவாக இருந்தது.

பழைய ஃபிட்டர்:
அங்கேதான் போய்விட்டது. ஓட்டம் வேகத்தோடு நேர் விகிதத்தில் மாறும், ஹெட் வேகத்தின் வர்க்கத்தோடு, பவர் கனத்தோடு. 2880-ஐ 2820-ஆல் வகுத்தால் 1.021, வர்க்கம் 1.043. 24.6-ஐ அதனால் பெருக்கினால் 25.7 மீட்டர், ஓட்டம் 5.1 லிட்டர். கர்வில் அந்த இடத்தில் படித்துப் பாருங்கள். லோடு மாறினால் வேகமும் மாறும், ஆகவே ஒவ்வொரு புள்ளியிலும் தனித்தனியாக ஆர்பிஎம் எடுங்கள், ஒரே தடவை எடுத்து எல்லாவற்றுக்கும் போடாதீர்கள்.

நீங்கள் தண்ணீருக்குக் கொடுத்தது 1.2 கிலோவாட், வாங்கியது 2.2, மோட்டாரும் சேர்த்து 55 சதவீதம் வருகிறது. இந்த அளவு பம்புக்கு நம்பும்படியான எண். 90 வந்திருந்தால் அளவில்தான் கோளாறு என்று முதலில் சந்தேகப்படுவேன்.

வளைகோடு:
வால்வை மூடி எடுக்கும் புள்ளியைச் சட்டென்று முடித்துவிடுங்கள், பம்புக்குள் இருக்கும் தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும்.

ஈரக்கை:
கர்வில் 5.1-க்கு 25.8 இருக்கிறது! அதே ஐஎஸ்ஓ 9906-இல் 2பி கிரேடுக்கு ஹெட்டில் 5 சதவீதம் வரை விடுவார்கள் என்று படித்தேன், அதற்குள்ளேயே நிற்கிறது. இன்னும் 6 புள்ளி எடுத்து முழு கோட்டையும் வரைந்துவிட்டு பம்பைக் கொடுக்கிறேன்.

கறார்பேர்வழி:
சரி, ரிங் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கும் அந்த 4 பார் கேஜ் ஒன்று வாங்க வேண்டும்.