திருடப் போன இடத்தில் கொலை: மூன்று பேருக்கும் தூக்கு கேட்க முடியுமா?

சேர்வராயன்:
மூட் கோர்ட்டுக்கு (சட்ட மாணவர்கள் நடத்துற மாதிரி நீதிமன்றம்) ஒரு கற்பனை வழக்கு. ஏற்காட்டில் எஸ்டேட் பங்களா. ராத்திரி 3 பேர் பின்கதவை நெம்பித் திருடப் போறாங்க. பெரியவர் முழிச்சுக்கிறார். ஒருத்தன் கடப்பாரையால மண்டையில் போடுறான், ஆள் காலி. அடுத்தவன் அப்போ பீரோவுல நகை அள்ளிட்டிருக்கான். மூணாவது ஆள் வாசல் கேட் பக்கத்துல பைக்கோட நிக்கிறான். எந்தப் பிரிவுங்க போடுறது?

அஸ்தம்பட்டி:
முதல்ல தலையை எண்ணுங்க. 5 பேர்னா கூட்டுக்கொள்ளை. பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலா வந்த புது தண்டனைச் சட்டம்) 310(3)படி ஒருத்தன் கொன்னாலும் எல்லாருக்கும் மரண தண்டனை வரை போகலாம். 3 பேருக்கு அது பொருந்தாது. அடிச்சவன் மேல 103(1), அதாவது கொலை. மத்தவங்களைக் கொலைக்குள்ள இழுக்க 3(5), அதாவது பொது எண்ணம், வேணும். திருடுற எண்ணம் மூணு பேருக்கும் இருந்துச்சு, சரி. கொல்ற எண்ணம்? கடப்பாரை கதவு நெம்புற சாமான்னு டிஃபன்ஸ் சொல்லும். கையில அரிவாள் இருந்தா அப்படிச் சொல்ல முடியாது.

அது நிக்கலேன்னா 331(8): ராத்திரியில் வீடு உடைச்சு நுழையும்போது ஒருத்தன் சாவு விளைவிச்சாலும் கூட்டாளிகள் எல்லாருக்கும் ஆயுள், அல்லது 10 வருஷம் வரை. தூக்கு கிடையாது. மாற்றுக் குற்றச்சாட்டா இதைச் சேர்த்துடுங்க, பசங்க மறக்கிறது இதைத்தான். சம்பவம் 1.7.2024க்கு முந்தினதுன்னா பழைய ஐபிசி 302, 34, 460.

மகஜர்:
கேஸ் உடையறது ரெக்கவரியில, அதாவது திருட்டுப் பொருளைக் கண்டெடுக்கிறதுல. போலீஸ்கிட்ட சொன்னதுல பொருளைக் கண்டெடுக்க உதவின பகுதி மட்டும்தான் பிஎஸ்ஏ (புது சாட்சியச் சட்டம்) 23ல் செல்லும். "நகையை அடகுக்கடையில வெச்சேன்" உள்ளே. "பெரியவரை அடிச்சேன்" வெளியே. மகஜர்ல (கைப்பற்றினதை எழுதுற பத்திரம்) சாட்சியா கையெழுத்துப் போட்ட விஏஓ, குறுக்கு விசாரணையில "ஸ்டேஷன்லதான் போட்டேன்"னுட்டா முடிஞ்சுது. பிஎன்எஸ்எஸ் (புது குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 105படி கைப்பற்றலை வீடியோ எடுக்கணும், நடுவுல வெட்டு இருக்கான்னு பாருங்க. சிசிடிவிக்கு பிஎஸ்ஏ 63(4) சான்றிதழ் (மின்னணுப் பதிவு சரியானதுன்னு) வேணும். ஏற்காடு மலைக்கு அடிவாரம் பாதை கேமரா மட்டும் காட்டினா, குப்பனூர் வழியும் இருக்கேன்னு எதிர்த்தரப்பு கேட்கும்.

ஐந்துரோடு:
ஒரு சாவு, யோசிக்காம விழுந்த அடி. இதுக்குத் தூக்கு கேட்டா ஜட்ஜ் நிமிர்ந்து பார்ப்பார். 1980 பச்சன் சிங் தீர்ப்புல இருந்து 'அரிதினும் அரிதான' வழக்குக்குத்தான். உங்க பிரச்சினைக்குக் கிட்ட வர்றது 2022 மனோஜ் வழக்கு: இந்தூர்ல கொள்ளைக்காக ஒரே வீட்டுல 3 பெண்கள் கொலை. அதையே சுப்ரீம் கோர்ட் 25 வருஷத்துக்குக் குறையாத ஆயுளா மாத்திச்சு. மனநல மதிப்பீடு, சிறை நடத்தை அறிக்கை எல்லாம் விசாரணைக் கோர்ட்லயே வாங்கச் சொன்னதும் அதுதான். தூக்கு கேட்கிற பக்கத்துக்கு புனே ஜோஷி-அபியங்கர் வழக்கு: மொத்தம் 10 கொலை, அதுல 8 வீடு புகுந்து, 1983ல் எரவாடா ஜெயில்ல 4 பேருக்குத் தூக்கு. சேலம் ஜெயில்ல 1995ல் ஆட்டோ சங்கரைத் தூக்கிலிட்டதை மட்டும் இழுக்காதீங்க, அது கொள்ளை வழக்கே இல்லை.

செஷன்ஸ் தூக்கு கொடுத்தாலும் பிஎன்எஸ்எஸ் 407படி சென்னை ஹைகோர்ட் உறுதி செய்யணும்.

சேர்வராயன்:
பைக்காரனை அப்ரூவர் (மன்னிப்பு வாங்கி அரசுத் தரப்பு சாட்சி ஆகிற கூட்டாளி) ஆக்கினா?

அஸ்தம்பட்டி:
பிஎன்எஸ்எஸ் 343ல் ஆக்கலாம், புனேயிலும் ஒருத்தன் அப்ரூவர்தான். ஆனா அவன் பேச்சை மட்டும் நம்பி நிக்காதீங்க. பழைய சாட்சியச் சட்டம் 133ல் வேற ஆதாரம் இல்லாட்டியும் தண்டனை செல்லும்னு இருந்துச்சு. பிஎஸ்ஏ 138 உறுதிப்படுத்தப்பட்ட சாட்சியம்னே எழுதிடுச்சு. அடகுச் சீட்டோ கைரேகையோ, உள்ளே போன ரெண்டு பேரையும் தனித்தனியா கட்டுற மாதிரி ஒண்ணு வேணும்.