இரண்டு ஸ்விட்ச் போட்டும் ஒரு கேபிளைக் கழற்றினால் சர்வர் தடுமாறுகிறது, அவசர உதவி தேவை

தறிக்காரன்:
வணக்கம். எங்கள் நூற்பாலை அலுவலகத்தில் கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் நின்றால் மொத்த வேலையும் நின்றுவிடுகிறது என்று இரண்டாவது ஸ்விட்ச் வாங்கினோம். சர்வரிலிருந்து இரண்டுக்கும் ஒவ்வொரு கேபிள் கொடுத்து டிரங்க் செய்துவிட்டேன். சுமையும் பகிரும், ஒன்று போனாலும் மற்றது தாங்கும் என்று நம்பினேன். ஆனால் பெரிய கோப்பை நகலெடுத்தால் முன்பைவிட மெதுவாகப் போகிறது. சோதனைக்காக ஒரு கேபிளைக் கழற்றினேன். சர்வர் பதில் சொல்கிறதா என்று பிங் அனுப்பினால் ஒன்று வருகிறது, அடுத்தது தொலைகிறது. சனிக்கிழமை சம்பளப் பட்டியல் ஓட்ட வேண்டும். என்ன தவறு?

கம்பிவடம்:
கேபிள்தான். முனையை நீங்களே கிரிம்ப் செய்து பொருத்தினீர்களா? கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். ஒன்று பிடிக்காவிட்டாலும் வேகம் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம். முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

மலர்விழி:
ஸ்விட்ச் என்ன மாடல்? சர்வரில் லினக்ஸா, விண்டோஸா? டிரங்க் என்று எதைச் சொல்கிறீர்கள்? சிஸ்கோவில் டிரங்க் என்றால் பல விலேன்களை, அதாவது ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்குகளை, சுமக்கும் போர்ட். எச்பி புரோகர்வில் அதே சொல் பல கேபிள்களை ஒன்றாகக் கட்டுவதைக் குறிக்கும். இரண்டு ஸ்விட்சுக்கும் நடுவே கேபிள் உண்டா?

இரவுப்பணி:
எனக்கு எஸ்டிபி மீதுதான் சந்தேகம், அதாவது ஸ்விட்சுகளுக்கு நடுவே வளையம் உருவாகாமல் உபரிப் பாதையை அடைத்துவைக்கும் முறை. பொதுவாக எல்லா ஸ்விட்சும் 32768 என்ற முன்னுரிமையோடுதான் வரும். அது சமமாக இருந்தால் சிறிய மேக் முகவரி (சாதனத்தின் வன்பொருள் எண்) உள்ளது தலைமை ஏற்கும். பல இடங்களில் அது இருப்பதிலேயே பழைய ஸ்விட்சாக அமைந்துவிடுகிறது. பழைய எஸ்டிபி பாதை மாற 30 முதல் 50 விநாடி எடுக்கும். கழற்றிய பிறகு ஒரு நிமிடமாவது காத்திருந்தீர்களா?

தறிக்காரன்:
கேபிள் கடையில் வாங்கியது. சர்வர் உபுண்டு. ஸ்விட்சுகளுக்கு நடுவே 24ஆம் போர்ட்டில் ஒரு கேபிள் இருக்கிறது. ஐந்து நிமிடம் காத்திருந்தும் அப்படியேதான்.

பழையகை:
ஸ்விட்சின் பதிவேடான லாகைப் பார்க்காமல் இழை தொடங்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது? பல கேபிள்களை ஒன்றாகக் கட்டும் எல்ஏசிபி முறையில், ஒரே கட்டின் கேபிள்களைத் தனித்தனியாக நிற்கும் இரண்டு ஸ்விட்சுகளில் பிரித்துச் செருக முடியாது. அதற்கான 802.3ஏடி தரம் 2000ஆம் ஆண்டில் வந்ததிலிருந்தே இதுதான் பாடம். அடிப்படையைப் படித்துவிட்டுப் பணத்தைச் செலவழித்திருக்க வேண்டும். ஸ்டாக் ஆகும், அதாவது இரண்டு சேர்ந்து ஒன்றாக இயங்கும், ஸ்விட்ச் வாங்குங்கள், வேறு வழி இல்லை.

மலர்விழி:
ஸ்டாக் மட்டுமே வழி என்பதை ஏற்கமாட்டேன் சார். ஸ்டாக்கில் பெட்டி இரண்டானாலும் மூளை ஒன்று. மென்பொருளைப் புதுப்பித்தால் பல மாடல்களில் இரண்டும் சேர்ந்தே மறுதொடக்கம் ஆகும். நான் பார்த்த ஓர் ஆலையில் பகல் ஷிப்ட் நடுவே அப்படி ஆகி, எடை மேடையில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. எம்லேக் என்ற முறையிலும் இரண்டு ஸ்விட்சுகளில் ஒரே கட்டைப் போடலாம், ஆனால் இரண்டுக்கும் தனித்தனி மூளை. ஒன்றைப் புதுப்பிக்கும்போது மற்றது ஓடும்.

பழையகை:
எம்லேக்கைப் பராமரிக்க அந்த ஆலையில் ஆள் யார்? இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே உள்ள இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதைத் திட்டமிடாமல் அதைக் கையில் எடுக்கக் கூடாது. இருபது கணினி உள்ள இடத்துக்கு ஸ்டாக் போதும். புதுப்பிப்பை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம்.

மலர்விழி:
மூன்று ஷிப்ட் ஓடும் ஆலைக்கு ஞாயிறு ஏது சார்?

நூல்கண்டு:
கேட்டவர் காத்திருக்கிறார். தம்பி, சர்வரில் பிராக் கோப்புறைக்குள் பாண்டிங் (கேபிள்களைக் கட்டும் லினக்ஸ் வசதி) பற்றிய கோப்பு இருக்கும். அதன் முதல் சில வரிகளையும் ஸ்விட்ச் லாகையும் போடுங்கள்.

தறிக்காரன்:
பயன்முறை ரவுண்ட் ராபின் என்றும், மிமான் இடைவெளி 0 என்றும் இருக்கிறது. நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. லாகில் சர்வரின் மேக் முகவரி 5ஆம் போர்ட், 24ஆம் போர்ட் என்று விநாடிக்கு விநாடி மாறிக்கொண்டே இருக்கிறது.

நூல்கண்டு:
நோய் அங்கேதான் இருக்கிறது. எதையும் சொல்லாவிட்டால் லினக்ஸ் எடுத்துக்கொள்வது ரவுண்ட் ராபின். ஒரு பாக்கெட் இந்தக் கேபிளில், அடுத்தது அந்தக் கேபிளில். ஒரே முகவரி நேரடியாகவும் வருகிறது, பக்கத்து ஸ்விட்ச் வழியாகவும் வருகிறது. ஸ்விட்ச் எதை நம்பும்? பாக்கெட்டுகள் வரிசை குலைந்து சேருவதால் நகலெடுப்பும் மந்தமாகிறது. மிமான் 0 என்றால் கேபிள் இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. கழற்றிய கேபிளிலும் பாதியை அனுப்பிக்கொண்டே இருக்கும். பிங் ஒன்றுவிட்டு ஒன்று தொலைந்ததற்கு அதுவே காரணம்.

பயன்முறையை ஆக்டிவ் பேக்கப் (ஒரு கேபிள் ஓடும், மற்றது காத்திருக்கும்) என்றும், மிமானை 100 என்றும் வையுங்கள். சுமைப் பகிர்வு கிடைக்காது. அதற்காக வருந்த வேண்டாம். எல்ஏசிபி போட்டாலும் ஒரு நகலெடுப்பு ஒரே கேபிளில்தான் ஓடும். பலர் ஒரே நேரத்தில் எடுக்கும்போதுதான் அதன் பலன் தெரியும். இப்போது உங்களுக்கு வேண்டியது நிற்காத சர்வர்.

கம்பிவடம்:
இருந்தாலும் கேபிளையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

தறிக்காரன்:
மாற்றிவிட்டேன். கழற்றினால் ஒரே ஒரு பிங்தான் தவறுகிறது. சம்பளம் ஓடிவிட்டது. நூல்கண்டு அண்ணாவுக்கு மிக்க நன்றி.

மலர்விழி:
நல்லது. இரண்டு ஸ்விட்சும் ஒரே யுபிஎஸ்ஸிலா இருக்கின்றன? அப்படியானால் ஒன்றையாவது வேறு மின்பாதைக்கு மாற்றுங்கள். மாடல் எண்ணையும் சொல்லுங்கள், எம்லேக் வருமா என்று பார்க்கிறேன்.