சுருட்டை முடிக்கு மருதாணி: நரை ஆரஞ்சாகவே நிற்கிறது, சுருளும் தளர்கிறது. வழி சொல்லுங்கள்

பொருநைக்கரை:

எனக்கு அடர்த்தியான சுருட்டை முடி. நனைந்தால் தோளுக்குக் கீழே தொங்கும், காய்ந்தால் காதுமட்டத்துக்கு ஏறிவிடும். நெற்றியோரமும் காதோரமும் நரைத்துவிட்டன. கடைச் சாயம் தலையில் அரிப்பைக் கொடுத்ததால் மருதாணிக்கு மாறினேன்.

நான் செய்வது இதுதான். மருதாணிப் பொடியை இரும்புச் சட்டியில் போட்டு, தேயிலை டிகாஷன், இரண்டு எலுமிச்சம்பழச் சாறு, ஒரு கரண்டி தயிர், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் சேர்த்துக் குழைத்து இரவு முழுக்க மூடி வைப்பேன். காலையில் வேரிலிருந்து நுனி வரை அப்பி, மூன்று மணி நேரம் கழித்து அலசுவேன். மறுநாள், அந்தச் செம்மை கறுப்பதற்காக, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அவுரிப் பொடியை மிச்சமிருக்கும் டிகாஷனில் கரைத்துப் பூசுவேன். மாதம் ஒருமுறை இப்படி.

நரைத்த இடமெல்லாம் கேரட் நிறத்தில் பளிச்சென்று தெரிகிறது. அவுரி வைத்தும் அந்த நிறம் அசையவில்லை. அதைவிட வருத்தம், சுருள் தளர்ந்து நுனி வைக்கோலாகிவிட்டது. தலையிலிருந்து பொடி உதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஐப்பசியில் தங்கைக்குத் திருமணம். மருதாணியை விட மனமில்லை. எங்கே பிசகுகிறது?

கோவைக்காரி:

எதற்கு இவ்வளவு பாடு? 'கறுப்பு மருதாணி' என்று பாக்கெட்டில் விற்கிறார்களே, அரை மணி நேரத்தில் கறுத்துவிடும். என் நாத்தனார் அதைத்தான் போடுகிறார்.

அழகுக்கலை ஆசிரியை:

கோவைக்காரி, தயவுசெய்து இவருக்கு அதைச் சொல்லாதீர்கள். மருதாணி இலையில் இருக்கும் சாயம் செம்பழுப்பு மட்டுமே. அரை மணி நேரத்தில் கறுக்கிறது என்றால் அந்தப் பொடியில் வேறொன்று கலந்திருக்கிறது. பெரும்பாலும் அது பாரா பினைலீன் டையமின். கடைச் சாயங்களில் ஒவ்வாமை உண்டாக்குவதில் முதலிடம் இதற்குத்தான். ஏற்கெனவே அரிப்பு வந்தவருக்கு அடுத்த முறை முகமும் கண்ணும் வீங்கலாம். எந்தப் பொடி வாங்கினாலும் பாக்கெட்டின் பின்புறம் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். அந்தப் பெயரோ, பி.பி.டி. என்ற எழுத்துகளோ இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பட்டியலே இல்லாத பாக்கெட்டையும் வாங்க வேண்டாம். தூய மருதாணியே ஆனாலும், முதல்முறை என்றால் காதுக்குப் பின்னால் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்த பிறகே தலையில் வையுங்கள்.

மூலிகைக்கொல்லை:

பொருநைக்கரை, உங்கள் பெயரைப் பார்த்தால் திருநெல்வேலிப் பக்கம் என்று தோன்றுகிறது. அப்படியானால் முதல் சந்தேகம் அந்த அவுரியின் மேல்தான். தென்மாவட்டங்களில் அவுரி என்று கேட்டால் இரண்டு செடிகளில் எதை வேண்டுமானாலும் தருவார்கள். ஒன்று நீலச்சாயம் எடுக்கும் நீலி அவுரி. மற்றொன்று மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் நிலாவிரை. திருநெல்வேலி, தூத்துக்குடி மானாவாரி நிலங்களில் விளைந்து வெளிநாடுகளுக்கெல்லாம் ஏற்றுமதியாவது இதுதான். இரண்டுமே பச்சைப் பொடி, பார்வைக்கு வேறுபாடு தெரியாது. நிலாவிரையில் நீலம் துளியும் கிடையாது.

சோதிப்பது எளிது. வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு சிட்டிகைப் பொடியை வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் குழைத்துக் கால் மணி நேரம் விடுங்கள். நீலி என்றால் மேற்பரப்பு கருநீலமாகி, ஓரத்தில் கசியும் நீரும் நீலம் பாரிக்கும். மஞ்சளாகவோ பச்சையாகவோ நின்றால் அது நிலாவிரைதான், அல்லது மிகப் பழைய சரக்கு.

முடிவைச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

பொருநைக்கரை:

அக்கா, சோதித்துப் பார்த்தேன். அரை மணி நேரம் கழித்தும் வெளிர் மஞ்சள்தான், நீலத்தின் சாயலே இல்லை. நான் பாளையங்கோட்டைதான், சரியாகக் கண்டுபிடித்தீர்கள்! இத்தனை நாள் பேதி மருந்தையா தலையில் பூசினேன்?

மூலிகைக்கொல்லை:

கவலை வேண்டாம், நிலாவிரை முடிக்குக் கெடுதல் செய்யாது. 'நீலி அவுரி இலைப் பொடி, தலைச்சாயத்துக்கு' என்று முழுதாகச் சொல்லி வாங்குங்கள். வாங்கியதும் அதே தட்டுச் சோதனையைச் செய்யுங்கள்.

இனி கலவைக்கு வருகிறேன். மருதாணிக்கு லேசான புளிப்பு பிடிக்கும், அவுரிக்குப் புளிப்பே ஆகாது. நீங்கள் மருதாணிக்கு அளவுக்கு மீறிப் புளிப்பைக் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு எலுமிச்சை சுருட்டை முடியை வறள வைத்துவிடும். சுருட்டையில் தலைத்தோலின் எண்ணெய் நுனிவரை வழிந்து இறங்காது, அதனால் இயல்பிலேயே அது வறண்ட முடி. தயிரும் வேண்டாம். மருதாணிச் சாயம் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் தன்மையுடையது. முடியும் புரதம், தயிரிலும் புரதம். முடிக்குப் போக வேண்டிய சாயத்தில் ஒரு பங்கைத் தயிர் பிடித்துவைத்துக்கொள்ளும். எண்ணெய் முடியின் மேல் படலமாகப் படிந்து சாயத்தைத் தடுக்கும். எண்ணெயை நெற்றியோரத் தோலிலும் காதிலும் மட்டும் தடவுங்கள், கறை படியாது.

நான்கு பங்கு மருதாணிக்கு ஒரு பங்கு நெல்லிக்காய்ப் பொடி சேர்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் தோசைமாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் குழையுங்கள். தேவையான புளிப்பை நெல்லியே கொடுத்துவிடும். ஆரஞ்சின் பளபளப்பும் அடங்கும், சுருளும் அவ்வளவாகத் தளராது. தோள்வரை முடிக்கு மருதாணி 150 முதல் 200 கிராம் ஆகும்.

இரவு முழுக்க ஊறுவதும் நம் ஊர் வெயிலுக்கு அதிகம். குளிர்நாடுகளில்தான் எட்டு, பத்து மணி நேரம் வைப்பார்கள். பாளையங்கோட்டை வெக்கையில் மூன்று, நான்கு மணி நேரத்திலேயே சாயம் இறங்கிவிடும். மேல்பரப்பு பழுப்பாகி, கரண்டியால் கிளறினால் உள்ளே பச்சையாக இருக்கும். அதுதான் பூச வேண்டிய பதம். அதற்குமேல் ஊறினால் சாயம் வலுவிழக்கும்.

கோவைக்காரி:

அப்படியானால் இரும்புச் சட்டி? எங்கள் பாட்டி அதைத் தவிர வேறு எதிலும் ஊறவைத்ததில்லை, முடியும் கறுப்பாகத்தான் இருந்தது.

மூலிகைக்கொல்லை:

பாட்டி செய்ததில் காரணம் இருக்கிறது, அம்மா. தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருநிறம் வரும், பழைய எழுதுமை செய்த முறையே அதுதான். ஆனால் பாட்டி வாரம் இரண்டு முறை எண்ணெய் வைத்து முழுகியிருப்பார். எண்ணெய்க் குளியல் இல்லாத தலையில் அந்த இரும்பும் துவர்ப்பும் முடியை முரடாக்கிவிடும். இவருடைய நுனி இருக்கும் நிலையில் பீங்கான் அல்லது எவர்சில்வர் கிண்ணமே நல்லது.

பொருநைக்கரை, சுருள் தளர்வதற்குப் பெரிய காரணம் மாதாமாதம் நுனிவரை அப்புவது. மருதாணிச் சாயம் கழுவினால் போவதில்லை, ஒன்றின்மேல் ஒன்றாகச் சேரும். முடி கனத்து விறைத்து, சுருள் இழுபடும். இனிமேல் வேருக்கு மட்டும் பூசுங்கள். புதிதாக வளர்ந்த அந்த அரை அங்குலத்துக்குத்தான் சாயம் தேவை. மீதி முடி ஏற்கெனவே நிறம் ஏறியது. தலையை ஆறு பாகமாகப் பிரித்து, விரலால் வைத்து அழுத்துங்கள், சீப்பு போட வேண்டாம்.

பூசுவதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தலையை அலசி, துவட்டி, ஈரப்பதத்தோடு தொடங்குங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் என்றால் கடைசி அலசலுக்காவது குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். உப்புப் படிந்த முடியில் சாயம் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும்.

மூன்று மணி நேரம் கழித்து மருதாணியை அலசிவிட்டு அன்றைக்கே அவுரி. வெதுவெதுப்பான வெறும் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான். டிகாஷன் வேண்டாம், கொதிநீரும் வேண்டாம். கரைத்துப் பத்து, பதினைந்து நிமிடத்தில் பூசத் தொடங்கிவிடுங்கள். காற்றுப்பட்டு முழுக்க நீலமாகிவிட்ட சாயம் முடிக்குள் புகாது. ஒன்றரை மணி நேரம் வைத்து அலசுங்கள். மூன்று நாள் ஷாம்பூ, சீயக்காய் எதுவும் வேண்டாம். முதல் நாள் பச்சை சாயல் அடித்தால் பயப்படாதீர்கள், மறுநாள் பழுப்பாகும்.

நெளிநெளி:

பொடி உதிர்வதற்கு நான் சொல்கிறேன், எனக்கும் சுருட்டைதான். பொடியை மெல்லிய பருத்தித் துணியில் சலியுங்கள். துணியில் தங்கும் நரம்பும் சக்கையும்தான் சுருளுக்குள் சிக்கிக்கொள்பவை. அலசும்போது குழாயடியில் தேய்க்காதீர்கள். வாளித் தண்ணீரில் தலையைக் கவிழ்த்து, விரல்களை விரித்து மெல்ல ஆட்டினால் கலவை தானாகக் கரைந்து இறங்கும். தண்ணீர் தெளியும்வரை மாற்றுங்கள். பிறகு கைநிறையக் கண்டிஷனர் தடவி, சிக்கை விரலால் பிரித்துவிட்டு இன்னொரு வாளி. நுனி வறட்சிக்கு, மூன்று நாள் கழித்துச் செம்பருத்தி இலையைக் கசக்கிப் பிழிந்த வழுவழுப்பை அரை மணி நேரம் வைத்து அலசுங்கள். சுருள் மறுபடி கூடும்.

பொருநைக்கரை:

மனமார்ந்த நன்றி எல்லோருக்கும். புதிய அவுரி தட்டில் கருநீலமாக நின்றது! நீங்கள் சொன்னபடி வேருக்கு மட்டும் வைத்தேன். காதோரம் இப்போது கருஞ்செம்பழுப்பு. அருகில் வந்து பார்த்தால்தான் நரை இருந்த இடம் தெரிகிறது. நுனி இன்னும் வறட்சிதான், அதை அரை அங்குலம் வெட்டிவிட்டேன். திருமணத்துக்கு எத்தனை நாள் முன்பு வைக்கலாம்? மருதாணிக் கலவை கொஞ்சம் மிஞ்சியது, அதை வைத்துக்கொள்ளலாமா?

மூலிகைக்கொல்லை:

நல்ல செய்தி சொன்னீர்கள், மகிழ்ச்சி. நிறம் அடங்க இரண்டு, மூன்று நாள் வேண்டும், மருதாணி வாடையும் அதற்குள் போய்விடும். ஆகவே முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் முன்பு வையுங்கள். அந்த ஐந்து நாளில் முடியை நேராக்கும் சூட்டுக்கருவி எதையும் தொட விடாதீர்கள். மிஞ்சிய மருதாணியைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து ஃப்ரீசரில் வைத்தால் அடுத்த மாதம் வேருக்குப் போதும். அவுரியை மட்டும் அப்படி எடுத்துவைக்காதீர்கள்; கரைத்தது அன்றோடு சரி.