கறுப்புப் பட்டைகளோடு பார்ப்பதா, திரையை நிரப்பிப் பார்ப்பதா?

கேள்வி: வெண்திரை

வணக்கம். எங்கள் வீட்டில் 55 அங்குலத் தொலைக்காட்சி இருக்கிறது. திரைப்படம் ஓடும்போது மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் தெரிந்தால், இவ்வளவு பெரிய திரையை வாங்கிவிட்டு முக்கால் திரையில்தான் படம் பார்க்க வேண்டுமா என்று அப்பா கேட்கிறார். ரிமோட்டில் ஜூமை அழுத்தி, படம் திரை முழுவதும் பரவிய பிறகுதான் அவருக்கு நிம்மதி. எனக்கோ, ஓரத்தில் நிற்பவர்களின் முகம் பாதியாக வெட்டுப்படுவதும், சப்டைட்டிலின் கீழ்வரி திரைக்கு வெளியே போய்விடுவதும் உறுத்துகின்றன.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரே படம் வட்டில் பட்டைகளோடும், இணையச் சேவையில் பட்டைகள் இல்லாமலும் வருகிறது. அந்த இணையப் பிரதியில் பக்கவாட்டில் பெரிதாக எதுவும் வெட்டுப்பட்டதாகத் தெரியவில்லை. மாறாக, நடிகர்களின் தலைக்கு மேலும் இடுப்புக்குக் கீழும் கூடுதலாகவே தெரிகிறது. அப்படியானால் எது முழுமையான படம்? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுவேன்.

மறுமொழி: ஒளிக்கற்றை

உங்கள் தந்தையின் கேள்வி நியாயமானது. திரையில் கால் பங்கு உண்மையிலேயே வெறுமையாகத்தான் கிடக்கிறது. ஆனால் அந்தக் கால் பங்கை நிரப்புவதற்காக நீங்கள் இழப்பதும் படத்தின் கால் பங்குதான். சினிமாஸ்கோப் படத்தின் அகலம் அதன் உயரத்தைப் போல 2.39 மடங்கு. இன்றைய தொலைக்காட்சித் திரையோ 16:9, அதாவது அகலம் உயரத்தைப் போல 1.78 மடங்கு. படத்தின் அகலம் முழுவதையும் காட்டினால் திரையின் உயரத்தில் சுமார் 74 விழுக்காடு மட்டுமே நிரம்பும். உயரத்தை நிரப்பினால் படத்தின் அகலத்தில் அதே 74 விழுக்காடு மட்டுமே எஞ்சும். முதலாவதில் வெறுமையாக இருப்பது கண்ணாடி. இரண்டாவதில் காணாமல் போவது படம். ஜூம் செய்வதால் படத்தின் துல்லியமும் கூடுவதில்லை. 4கே வட்டில் மொத்தமுள்ள 2160 வரிகளில் சினிமாஸ்கோப் படம் ஏறத்தாழ 1607 வரிகளில்தான் பதிவாகியிருக்கும். தொலைக்காட்சி அதைத்தான் இழுத்துப் பெரிதாக்குகிறது.

இந்த அகலம் எங்கிருந்து வந்தது என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். தொடக்கத்தில் திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் ஏறக்குறைய ஒரே வடிவம்தான் இருந்தது. ஹாலிவுட் 1932-இல் 1.37 என்ற விகிதத்தைத் தரமாக்கியது. பின்னர் வந்த தொலைக்காட்சி அதை ஒட்டிய 4:3 வடிவத்தை எடுத்துக்கொண்டது. 1950களில் மக்கள் வீட்டிலேயே தங்கத் தொடங்கியதும், வீட்டுப் பெட்டி தர முடியாத ஒன்றைத் திரையரங்கம் தர வேண்டியிருந்தது. ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் 1953-இல் 'தி ரோப்' படத்தை சினிமாஸ்கோப்பில் வெளியிட்டது அந்தப் போட்டியில்தான். பிரெஞ்சுக்காரர் ஹென்றி கிரெட்டியென் உருவாக்கிய அனமார்ஃபிக் லென்ஸ், காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிப் படச்சுருளில் பதித்தது. திரையரங்கின் புரொஜெக்டரில் இருந்த இன்னொரு லென்ஸ் அதை மீண்டும் விரித்துக் காட்டியது. தொலைக்காட்சிக்குள் அடங்கக் கூடாது என்றே படைக்கப்பட்ட வடிவம் அது. அதே படங்கள் சில ஆண்டுகளில் தொலைக்காட்சிக்கு வந்தபோது, அகலத்தில் ஏறத்தாழ பாதி பலியானது. 1961 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான என்பிசி தன் சனிக்கிழமைத் திரைப்பட வரிசையைத் தொடங்கியபோது முதலில் ஒளிபரப்பிய 'ஹவ் டு மேரி எ மில்லியனர்' ஒரு சினிமாஸ்கோப் படம். 2.76 விகிதத்தில் எடுக்கப்பட்ட 'பென்-ஹர்' (1959) படத்தை 4:3 திரையில் நிரப்பினால் அதன் அகலத்தில் பாதிக்கும் குறைவே கண்ணுக்குத் தெரியும்.

அந்த வெட்டுமுறைக்குப் பான் அண்ட் ஸ்கேன் என்று பெயர். ஓர் ஆள் அமர்ந்து, ஒவ்வொரு காட்சியிலும் எந்தப் பகுதி முக்கியம் என்று முடிவு செய்து, வெட்டும் சட்டகத்தை இடமும் வலமும் நகர்த்துவார். அகலச் சட்டகத்தின் இரு ஓரங்களிலும் இருவர் அமர்ந்து பேசும் காட்சியை எண்ணிப் பாருங்கள். ஒருவர் பேசும்போது மற்றவரின் முகம் என்ன செய்கிறது என்பதுதான் பெரும்பாலும் அந்தக் காட்சியின் உயிர். எங்கே பார்ப்பது என்பதை இயக்குநர் நம்மிடமே விட்டிருப்பார். வெட்டிய பிரதியிலோ, பேசுபவரின் முகம் மட்டும் மாறி மாறி வரும். படத்தொகுப்பாளர் போடாத வெட்டு அங்கே விழுகிறது. ஒளிப்பதிவாளர் நகர்த்தாத கேமரா அங்கே நகர்கிறது. படத்தின் தாளமே வேறாகிவிடுகிறது.

உங்கள் ரிமோட்டில் உள்ள ஜூம் இதைவிடவும் மோசமானது என்றே சொல்வேன். பான் அண்ட் ஸ்கேனில் ஒரு மனிதரின் தேர்வாவது இருந்தது. ஜூமுக்கு அதுவும் கிடையாது. திரையில் யார் எங்கே நிற்கிறார் என்று பாராமல் இரு பக்கமும் சம அளவில் வெட்டிக்கொண்டே போகும்.

மறுமொழி: படச்சுருள்

முன்னவர் சொன்னதோடு உடன்படுகிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு அவர் வரவில்லை என்பதால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் பார்த்த இணையப் பிரதி, ஓப்பன் மேட் எனப்படும் வகையாக இருக்க வாய்ப்புண்டு. எல்லா அகலத்திரைப் படங்களும் அனமார்ஃபிக் லென்ஸால் எடுக்கப்பட்டவை அல்ல. 1.85 விகிதப் படங்கள் பலவற்றில் படச்சுருளில் பதிவாகியிருப்பது ஏறத்தாழ 4:3 வடிவக் காட்சிதான். திரையிடும்போது மேலும் கீழும் மறைத்து, நடுப்பகுதியை மட்டும் காட்டுவார்கள். சூப்பர் 35 முறையிலும் இப்படியே உயரமான சட்டகத்தில் பதிவு செய்து, அதிலிருந்து 2.39 பகுதியைப் பிரித்தெடுப்பார்கள். அந்த மறைப்பை நீக்கினால் பார்வையாளருக்குக் கூடுதல் காட்சி கிடைக்கும் என்பது உண்மைதான்.

ஆனால் கூடுதலாகத் தெரிவதெல்லாம் படத்தின் பகுதி என்று ஆகிவிடாது. ஒளிப்பதிவாளரின் வியூஃபைண்டரில் எல்லைக்கோடு போடப்பட்டிருக்கும். அந்தக் கோட்டுக்குள் இருப்பதை வைத்துத்தான் முகத்தின் இடம், தலைக்கு மேல் விடும் வெளி, ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையிலான தூரம் எல்லாம் தீர்மானிக்கப்படுகின்றன. கோட்டுக்கு வெளியே மைக் தொங்கலாம், விளக்கின் கால் நிற்கலாம். ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' (1980) 4:3 வடிவத்தில் வீடியோவாக வந்தபோது, தொடக்க மலைப்பாதைக் காட்சியில் படம்பிடித்த ஹெலிகாப்டரின் நிழல் தெரிந்ததைப் பலரும் கண்டார்கள். இதைவிட முக்கியமானது சட்டகத்தின் இறுக்கம் தளர்ந்துபோவது. ஒரு முகத்தை நெருங்கி வைத்த சட்டகம், மேலும் கீழும் வெளி கூடியதும், சாதாரணமாக எட்ட நின்று பார்ப்பதைப் போல ஆகிவிடும். அச்சம் ஊட்ட வேண்டிய காட்சி அதனாலேயே வெறும் தகவலாகச் சுருங்கிவிடும்.

வரைகலைக் காட்சிகள் நிறைந்த படங்களில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. அக்காட்சிகளைப் பெரும்பாலும் திரையரங்க விகிதத்துக்கு மட்டுமே உருவாக்கியிருப்பார்கள். மேலும் கீழும் திறந்து காட்ட அங்கே எதுவும் இருக்காது. ஆகவே அதே பிரதியில் பேச்சுக் காட்சிகள் திறந்தும், வரைகலைக் காட்சிகள் பக்கவாட்டில் வெட்டியும் வரும்.

எந்தப் பிரதி எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இரண்டு பிரதிகளையும் ஒரே நொடியில் நிறுத்தி ஓரங்களை ஒப்பிடுங்கள். பக்கவாட்டில் குறைந்து, மேலும் கீழும் எதுவும் கூடவில்லை என்றால் அது வெட்டிய பிரதி. பக்கவாட்டு அப்படியே இருந்து மேலும் கீழும் கூடியிருந்தால் அது திறந்த பிரதி. இரண்டும் கலந்தும் வரும் என்பதால் ஒரு காட்சியோடு நிறுத்தாமல் வெவ்வேறு இடங்களில் பாருங்கள்.

பட்டைகள் இருந்தால்தான் உண்மையான படம் என்று இதையே ஒரு விதியாக்கிக்கொள்ளவும் கூடாது. ஜேம்ஸ் கேமரூனின் 'அவதார்' (2009) பல திரையரங்குகளில் 2.39 விகிதத்தில் ஓடியது. வீட்டு வட்டில் அது 1.78 விகிதத்தில் திரையை நிரப்பி வந்தது. அது இயக்குநரே விரும்பிய வடிவம். மறுபக்கம், 'அபோகலிப்ஸ் நவ்' படத்தின் பழைய டிவிடிகளில், ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டொராரோ தாமே முன்வைத்த 2.00 விகிதத்துக்காகப் படம் பக்கவாட்டில் குறைக்கப்பட்டிருந்தது. 2010-இல் வந்த புளூ-ரேயில் திரையரங்கின் 2.35 திரும்பியது. படைத்தவரே செய்த மாற்றத்தைக்கூட ரசிகர்கள் முழுமனதோடு ஏற்கவில்லை. நானும் அகலமான வடிவத்தையே விரும்புகிறேன். படைத்தவர்கள் வேறுவிதமாகத் தீர்மானித்ததாகத் தெரியாத வரையில், திரையரங்கில் வெளியான விகிதத்தையே நம்புங்கள்.

மறுமொழி: கண்ணாடிச்சில்லு

மேலே எழுதிய இருவரும் படத்தின் பக்கம் நின்று பேசியிருக்கிறார்கள். நான் உங்கள் அப்பாவின் பக்கம் நின்று சில சொற்கள் எழுதுகிறேன்.

55 அங்குலத் திரையின் உயரம் சுமார் 68 செ.மீ. அதில் சினிமாஸ்கோப் படம் சுமார் 51 செ.மீ. உயரத்தில் தெரியும்; 41 அங்குலத் திரையின் உயரம்தான் அது. எட்ட அமர்ந்திருக்கும் ஒரு முதியவருக்கு முகங்கள் சிறுத்துத் தெரிவது உண்மையான குறை. அதை ரசனைக் குறைவு என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. திரையரங்கில் அகலத்திரை என்றால் படம் பக்கவாட்டில் விரிந்து பெரிதாகும். வீட்டுத் திரையில் அகலம் கூடக் கூடப் படம் சிறிதாகிறது. அவருக்கு ஏமாற்றமாக இருப்பதில் வியப்பில்லை.

ஆகவே பட்டைகளைப் பற்றி வாதிடுவதற்கு முன் நாற்காலியை முன்னுக்கு நகர்த்துங்கள். 4கே படத்தை நெருங்கி அமர்ந்து பார்த்தாலும் புள்ளிகள் எளிதில் தெரியாது. உங்களுடையது எல்சிடி வகைத் திரையாக இருந்தால், இருண்ட அறையில் பட்டைகள் முழுக் கறுப்பாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் மின்னும். கண்ணை உறுத்துவது பெரும்பாலும் அதுதான். தொலைக்காட்சிக்குப் பின்னால் சுவரில் மங்கலான வெள்ளை விளக்கு ஒன்று எரிந்தால் அந்த மினுக்கம் பெரிதும் அடங்கிவிடும். ஓஎல்இடி திரையில் கறுப்புப் புள்ளிகள் ஒளியே விடுவதில்லை என்பதால் இருட்டில் பட்டைகள் இருப்பதே தெரியாது.

இவ்வளவுக்குப் பிறகும் அவருக்கு ஜூம்தான் வசதி என்றால் விட்டுவிடுங்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் படம் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். என் கோபமெல்லாம், வெட்டிய பிரதியை மட்டுமே ஏற்றிவைத்து, அது வெட்டப்பட்டது என்றுகூடச் சொல்லாமல் காட்டும் சேவைகளின் மீதுதான். அங்கே பார்ப்பவருக்குத் திரும்பிச் செல்ல வழியே இல்லை.

வெண்திரை

மூவருக்கும் மிக்க நன்றி. நாற்காலியை நகர்த்தியதும் அப்பா ஜூமைக் கேட்கவில்லை. சப்டைட்டில் முழுவதும் தெரிவதையும் கவனித்துச் சொன்னார். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். பழைய 4:3 தொடர்களைப் பார்க்கும்போது இப்போது இடமும் வலமும் பட்டைகள் வருகின்றன. அங்கேயும் இதே நியாயம்தானா?

மறுமொழி: ஒளிக்கற்றை

அங்கேயும் இதே நியாயம்தான். வெட்டு விழும் திசை மட்டும் மாறுகிறது. 4:3 படத்தை 16:9 திரையில் நிரப்பினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் பழைய பகுதிகள் இப்படித்தான் வெட்டி வந்தன. மூன்று வெவ்வேறு பெயர்களில் விற்கும் பீர் தொட்டிகள் மூன்றுக்கும் மேலே உள்ள ஒரே குழாயிலிருந்துதான் பீர் வருகிறது என்பதுதான் அதில் ஒரு காட்சியின் நகைச்சுவை. மேற்பகுதியை வெட்டியதும் குழாய் போய்விட்டது. குழாயோடு நகைச்சுவையும் போய்விட்டது. ரசிகர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2020 மே மாதத்தில் பழைய விகிதத்தில் பார்க்கும் தெரிவைச் சேர்த்தார்கள். 'சைன்ஃபெல்ட்' தொடர் 2021-இல் நெட்ஃபிளிக்ஸில் அகலப் பிரதியாக வந்தபோதும், சாலைக் குழியைப் பற்றிய ஒரு பகுதியில் அந்தக் குழியே சட்டகத்துக்குக் கீழே மறைந்துபோனது.

வெட்டாமல் இழுத்து நிரப்பும் ஸ்ட்ரெட்ச் வசதியையும் தவிருங்கள். அதில் எதுவும் இழக்கப்படுவதில்லை என்றாலும், மனிதர்கள் அனைவரும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடுவார்கள். வட்டமான எதுவும் வட்டமாக இருக்காது.

கடைசியாக ஓர் அமைப்பைச் சரிபாருங்கள். பழைய குழாய்த் தொலைக்காட்சிகளின் வழக்கத்தையொட்டி, ஓவர்ஸ்கேன் என்ற பெயரில் நான்கு ஓரங்களிலும் சிறிதளவு வெட்டிக் காட்டும் ஏற்பாடு இன்றும் சில தொலைக்காட்சிகளில் இருக்கிறது. பட்டைகள் சரியாகத் தெரிந்தாலும் இது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். படத்தின் அளவு பற்றிய பட்டியலில் ஜஸ்ட் ஸ்கேன், ஃபுல் பிக்சல், ஃபிட் டு ஸ்கிரீன் என்று நிறுவனத்துக்கு ஏற்ப ஏதேனும் ஒரு பெயரில் இதற்கான மாற்று இருக்கும். பல தொலைக்காட்சிகள் இந்தத் தெரிவை ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியாக நினைவில் வைப்பதால், வட்டு இயக்கிக்கு ஒருமுறையும் செட்டாப் பெட்டிக்கு ஒருமுறையும் மாற்றிவிடுங்கள்.