பில்ஸ்பரி – டாராஷ், ஹேஸ்டிங்ஸ் 1895: ஒரு சந்தேகம்

நண்பர்களே, குயின்ஸ் கேம்பிட் என்ற சதுரங்கத் தொடக்க முறையைப் படிக்கும் பிள்ளைகளுக்கு, பில்ஸ்பரி வெள்ளையிலும் டாராஷ் கருப்பிலும் ஆடிய இந்த ஆட்டத்தைச் சொல்லித்தர ஆசை. 11வது நகர்வில் டாராஷ் சிப்பாயை சி4 கட்டத்துக்குத் தள்ளுகிறார். அதோடு டி4-இல் உள்ள வெள்ளைச் சிப்பாய் மீதிருந்த அழுத்தம் போய்விடுகிறது. பில்ஸ்பரி நிம்மதியாகக் குதிரையை இ5-இல் நிறுத்தி, சிப்பாயை எஃப்4-க்குத் தள்ளி, கருப்பு ராஜா பக்கம் பாய்கிறார். டாராஷ் சி4 ஆடாமல், மையத்தை அப்படியே விட்டுக் குதிரையை இ4-க்குக் கொண்டுவந்திருந்தால் தாங்கியிருக்குமா?

அப்புறம், 45வது நகர்வு. ஒரு குதிரை குறைவாக இருந்தும், பில்ஸ்பரி செக் எதுவும் வைக்காமல் தன் ராஜாவை எச்1-க்கு ஒதுக்குகிறார். யானை ஜி1-க்கு வரத்தான் அந்த வழி. எத்தனை முறை பார்த்தாலும் சிலிர்க்கிறது! அங்கே கருப்புக்கு டி5-இல் ராணியை வைப்பதைவிட நல்ல தற்காப்பு உண்டா? சதுரங்கக் கணினி நிரல் (எஞ்சின்) தரும் மதிப்பெண் வேண்டாம், காரணத்தோடு விளக்க முடிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.