ஆங்கிலத்தில் ஒருத்தர் 'ஸாரி' சொன்னால் என்ன பதில் சொல்வது?

கேள்வி:
வெளிநாட்டு கிளையன்ட்டுடன் தினமும் மெயில், கால் உண்டு. 'ஸாரி ஃபார் தி டிலே' என்பார்கள். 'இட்ஸ் ஓகே' தவிர வேறெதுவும் வாயில் வருவதில்லை. 'யூ ஆர் வெல்கம்', 'மென்ஷன் நாட்' சரியா? அவர்களால் நம் வேலை கெட்டுப்போனாலும் 'இட்ஸ் ஓகே'தானா?

பதில் 1:
அந்த ரெண்டும் வேண்டாம். நன்றிக்குச் சொல்கிற பதில் அது. 'ஸாரி'க்குச் சொன்னால் எதிராளி குழம்பிவிடுவார். சின்ன தாமதத்துக்கு 'நோ வொரீஸ்', 'நோ ப்ராப்ளம்', 'தட்ஸ் ஆல்ரைட்' எதுவும் பொருந்தும். மெயிலில் அதோடு நிறுத்தாமல் கையோடு அடுத்த வேலையைக் கேளுங்கள்: 'நோ ப்ராப்ளம் அட் ஆல். குட் யூ சென்ட் இட் பை தர்ஸ்டே நூன்?'

பதில் 2:
வேலை கெட்ட இடத்தில் 'இட்ஸ் ஓகே' எழுதவே எழுதாதீர்கள். நடந்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று நீங்களே எழுத்தில் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அடுத்த மாதம் அதே தாமதத்தை எடுத்துப் பேச வழி இருக்காது. 'தேங்க் யூ ஃபார் லெட்டிங் மீ நோ' அல்லது 'ஐ அப்ரிஷியேட் தி அபாலஜி' என்று தொடங்குங்கள். மன்னிப்பு கேட்டதற்கு மரியாதை கொடுத்தாயிற்று, தவறைத் தள்ளுபடி செய்யவில்லை. அடுத்து பாதிப்பு, அதற்கடுத்து உங்களுக்கு வேண்டியது: 'திஸ் ஹேஸ் புஷ்ட் அவர் டெஸ்டிங் பேக் பை டூ டேஸ். கேன் வி மூவ் தி ரிலீஸ் டு மண்டே?'

'அபாலஜி அக்செப்டட்' அலுவலகத்தில் வேண்டாம், மேலிருந்து தீர்ப்பு சொல்வது போல விழும்.

பதில் 3:
'இட்ஸ் ஃபைன்' விஷயத்தில் கவனம். 'ஃபைன்' என்பதை அழுத்தி வெட்டினால் கோபம் என்றே எடுத்துக்கொள்வார்கள். மெயிலில் குரலே கிடையாது, அதனால் 'ஃபைன்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் போடாதீர்கள்.

எல்லா 'ஸாரி'யும் மன்னிப்புக் கேட்பது இல்லை. கால் நடுவில் குரலை உயர்த்தி 'ஸாரி?' என்றால் காதில் விழவில்லை என்று அர்த்தம், சொன்னதைத் திரும்பச் சொல்லுங்கள். வீட்டில் துக்கம் என்று தெரிந்து 'ஐ யம் ஸாரி ஃபார் யுவர் லாஸ்' என்றால் 'தேங்க் யூ' போதும். அங்கே 'இட்ஸ் ஓகே' ஒட்டவே ஒட்டாது.

கேட்டவர்:
நன்றி. இனி இப்படி நடக்கக் கூடாது என்பதை எப்படிச் சொல்ல? 'டோன்ட் ரிப்பீட் திஸ்' என்று எழுதலாமா?

பதில் 2:
அது பள்ளிப் பையனை அதட்டுகிற தொனி. என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்று கேள்வியாகவே வையுங்கள்: 'நெக்ஸ்ட் டைம், குட் யூ லெட் மீ நோ எ டே இன் அட்வான்ஸ்?'